பதினோராம் நம்பர் வீட்டு ஜன்னல்

மார்ச் 4, சனி

பக்கத்துப் பதினோராம் நம்பர் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். வேன் நின்றதுமே திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். மூன்று வருடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட உள்ளூர்ப் பழக்கம் அது ஒன்றுதான். சோபா, கட்டில், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் என்று ஒவ்வொன்றாக இறங்கின. அப்புறம் ஒரு பெண்ணின் குரல்: "ஏனுங்க, அந்தப் பொட்டியச் சாச்சு வெக்காதீங்க, உள்ள சந்தகை மிஷின் இருக்குது."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை. பதினாலு வீடுகள் உள்ள இந்த வெளிநாட்டுத் தெருவில், ஓக்ஃபீல்ட் க்ளோஸில், புறா கத்துவதும் வாரம் ஒருநாள் குப்பை லாரி வருவதும்தான் சத்தம். இங்கே நின்றுகொண்டு ஒருத்தி எங்கள் பக்கத்து இடியாப்பத்தை, சந்தகை என்கிறாள்.

பெயர் தாரணி. கோபிச்செட்டிபாளையம். நான் அந்தியூர். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவளுக்கு முப்பது வயது இருக்கும். நிறைமதி என்று மூன்று வயதுப் பெண் குழந்தை. புருஷனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. என்னைப் பார்த்த இரண்டாவது நிமிஷத்தில் அக்கா என்றாள்.

மார்ச் 12, ஞாயிறு

தாரணி வீட்டில் சந்தகை பிழிந்தோம். அந்த மிஷினுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் அதன் காலை அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தர் பிடியைச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டு மிஷினை மூன்று வருடத்துக்கு முன் விமானத்தில் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி அதை ஒருமுறை பிடித்துவிட்டு இடுப்பு வலி என்று நாலு நாள் படுத்தார். அதோடு அது மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது.

தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டோம். குழந்தை என்னைப் பெரியம்மா என்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேனாம், அவர் சொன்னார்.

மார்ச் 21, செவ்வாய்

குப்பைத் தொட்டி விவகாரம் முழுவதையும் தாரணிக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம் பச்சை மூடி, மறுவாரம் கறுப்பு. காலை ஆறரைக்குள் வெளியே வைக்க வேண்டும். பிடி ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தப்பாக வைத்துத் தப்பாக வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஒன்பதாம் நம்பருக்கு இந்தப் பக்கம் ஏழாம் நம்பரில் மொரீன் இருக்கிறார். எழுபத்தாறு வயது, தனியாள். அவருடைய தொட்டியையும் நான்தான் வெளியே வைப்பேன். அவர் ஜன்னலில் இருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். அது எனக்குப் பெரிய விஷயம் என்று இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு வெளியே போனால் மொரீனின் தொட்டி ஏற்கனவே ரோட்டோரம் நிற்கிறது. தாரணி வைத்திருக்கிறாள்.

"உங்களுக்கு எதுக்குங்க்கா சிரமம்? நான் எப்படியும் வெள்ளனே எந்திரிச்சுர்றேன்."

நல்ல பெண். உதவி செய்கிற மனசு. எனக்கும் ஒரு வேலை குறைந்தது.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. பாயசம் வைத்து மொரீன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே தாரணி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள், உள்ளே, சமையலறை மேஜையில். மூன்று வருடத்தில் நான் அந்த வீட்டு வாசல் மிதியடி வரைக்கும்தான் போயிருக்கிறேன்.

மொரீன் அவளைத் தாரணி என்று கூப்பிடுகிறார். ரகரமும் ணகரமும் அச்சு அசலாக இருக்கிறது. நாக்கு திரும்பும் வரை சொல்லச் சொல்லி விட்டாளாம், பத்து தடவை. இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என்னை மொரீன் கூப்பிடுவது சூ. அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். வந்த முதல் நாளே, சுகந்தி என்பது உங்களுக்குக் கஷ்டம், சூ என்றே கூப்பிடுங்கள் என்று நானாகப் போய்ச் சொன்னேன்.

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம். பவானியில் எட்டு வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தியவள். நான் பேசினால் மொரீன் காதைச் சாய்த்து 'மன்னிக்கணும், என்ன சொன்னாய்?' என்பார். தாரணி வினைச்சொல்லே இல்லாமல் பேசுகிறாள். அவளோடு அவருக்கு எல்லாம் புரிகிறது.

பொறாமை ஒன்றும் இல்லை. இலக்கணத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 29, சனி

தாரணி டிரைவிங் டெஸ்டில் முதல் தடவையே தேறிவிட்டாள். லட்டு கொண்டு வந்தாள். நான் மூன்று தடவை தவறியது அவளுக்குத் தெரியும். "அடுத்த வாட்டி நீங்களும் பாஸ் ஆயிருவீங்க்கா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

லட்டில் ஏலக்காய் தூக்கல்.

மே 9, செவ்வாய்

எங்கள் வீட்டு முன் விளக்குக் கம்பத்தில் மஞ்சள் தாள் ஒன்று கட்டியிருக்கிறது. பதினோராம் நம்பரில் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டக் கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்ல விரும்பினால் இணையத்தில் எழுதலாமாம்.

இதைத் தாரணி என்னிடம் சொல்லவே இல்லை. தினம் பின்கதவு வழியாக வந்து என் வீட்டில் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டு போகிறவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். சாயங்காலம் கேட்டதற்கு, "கட்டி முடிச்சப்புறம் காட்டலாம்னு இருந்தேனுங்க்கா, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்குது" என்றாள்.

என்ன சர்ப்ரைஸ்? மார்பிள் மேடையா?

மே 30, செவ்வாய்

கவுன்சில் இணையதளத்தில் அவர்கள் வீட்டு வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஏகப்பட்ட கோப்புகள் இருந்தன. எனக்கு வேண்டியது வரைபடம் ஒன்றுதான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து, அதில் இடுப்பளவு மரவேலி. புதுச் சமையலறை வேலியை ஒட்டி வருகிறது. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவளுக்கு ஒரு பெரிய ஜன்னல். திறந்து மூடும் கதவோடு.

என் ஜன்னல் திட்டில்தான் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. காலை ஒன்பதரையில் இருந்து பதினொன்றேகால் வரை அதன்மேல் வெயில் விழும். இந்த ஊர் வெயிலை நம்பி மூன்று குளிர்காலம் அதைக் காப்பாற்றியிருக்கிறேன். குளிர் ராத்திரிகளில் துண்டு சுற்றி வைத்தேன். அந்த வெயிலும் போகப்போகிறது. அதற்கு மேல் நான் பாத்திரம் கழுவுவதைத் தாரணி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெரிய சமையலறையில் மொரீன் உட்கார்ந்து தேநீர் குடிப்பதை நானும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். செடியை ஹாலுக்கு மாற்றிவிடலாமே என்றார். இந்த மனுஷனிடம் எதையும் சொல்லிப் பயனில்லை.

ஜூன் 6, செவ்வாய்

கருத்துச் சொல்ல நாளையோடு கடைசி நாள். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் மொரீன் வேலியோரம் வந்து, தாரணியின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார்.

என் பிறந்தநாள் பிப்ரவரியில் வந்தது, போனது.

ஜூன் 7, புதன்

எழுதி அனுப்பிவிட்டேன்.

எட்டு வருஷம் மாணவர்களுக்குப் புகார்க் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான். மரியாதைக்குரிய ஐயா என்று ஆரம்பித்து நாலு பத்தி. முதல் பத்தியில் வெளிச்சம், இரண்டாவதில் அந்தரங்கம். அந்த ஜன்னல் எங்கள் சமையலறையை நேராக உற்றுப் பார்க்கிறது, குடும்பப் பெண்கள் நிம்மதியாகப் புழங்க முடியாது என்று எழுதினேன். மூன்றாவதில், இந்தக் குடும்பம் இத்தெருவின் அமைதிக்கு இன்னும் பழகவில்லை, வருகிறவர் போகிறவர் அதிகம், பேச்சுச் சத்தம் அதிகம் என்றேன். நான்காவது நன்றி.

மூன்றாவது பத்தி தேவையா என்று கொஞ்சம் யோசித்தேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது, அதனால் விட்டுவிட்டேன்.

பெயரும் வீட்டு எண்ணும் கேட்டார்கள். கொடுத்தேன். அரசாங்க ஆபீஸில் இதெல்லாம் ஒரு கோப்பில் போய்ச் சேரும், அவ்வளவுதானே.

ஜூன் 10, சனி

தாரணி வந்தாள். புளி கடன் வாங்கினாள். "நீங்க இல்லாட்டி இந்த ஊர்ல நான் என்னுங்க்கா பண்ணியிருப்பேன்?" என்று போகிற போக்கில் சொன்னாள். குழந்தை என் மடியில் தூங்கிவிட்டது. எழுப்ப மனம் வராமல் முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது.

ஜூலை 2, ஞாயிறு

மூன்று வாரமாகத் தாரணி வரவில்லை. வேலை இருக்கும். குழந்தைக்குச் சளியாக இருக்கும். நேற்று காரில் ஏறும்போது கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

கதவு மணி அடித்தது, முன்வாசலில். திறந்தால் தாரணி நிற்கிறாள். கையில் டப்பா, நான் கொடுத்த புளிக்குப் பதில் புளி. உள்ளே வா கண்ணு என்றேன். அடுப்பில் சோறு இருக்கிறது என்றாள். இத்தனை மாதத்தில் அவள் எங்கள் வீட்டு மணியை அடித்தது இதுதான் முதல் தடவை. பின்கதவு பூட்டியிருக்கிறதோ என்று போய்ப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது.

"வெயில் நல்லா இருக்குது இன்னைக்கு" என்றாள்.

"ஆமா, நல்லாருக்குது" என்றேன்.

ஜூலை 20, வியாழன்

மொரீன் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு வேலிக்கு வந்தார். அவரே பேச வந்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

உன் கடிதத்தைப் படித்தேன் சூ, என்றார். எவ்வளவு அழகான ஆங்கிலம், உனக்கு இப்படி எழுத வரும் என்று தெரியாமல் போயிற்றே என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கடிதம் என்றேன். கட்டட அனுமதிக்கு எழுதியதுதான், கவுன்சில் இணையத்தில் போட்டிருக்கிறதே, நாங்கள் எல்லோரும் படித்தோம், எப்போதும் படிப்போம், இந்தத் தெருவில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, நான் ஆதரித்துத்தான் எழுதினேன், தப்பாக நினைக்காதே, அவரவர் கருத்து அவரவருக்கு, என்று சொல்லிக் குழாயைத் திறந்துகொண்டார்.

கோபமே இல்லை அவர் பேச்சில். அதுதான் தாங்கவில்லை.

அதே நாள், மறுபடியும்

பார்த்தேன். என் பெயர், வீட்டு எண், தெரு, தேதி எல்லாம் இருக்கிறது. கீழே நாலு பத்தி, ஒரு கமா குறையாமல். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஜூன் 12-ஆம் தேதி ஏற்றியிருக்கிறார்கள். அவள் வருவது நின்றதும் அந்த வாரம்தான்.

பதினாலு வீட்டில் ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். நாலு பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒன்றே ஒன்று, ஒன்பதாம் நம்பரில் இருந்து.

மற்றக் கோப்புகளையும் திறந்தேன். அன்றைக்கே திறந்திருக்க வேண்டும். வரைபடக்காரர் கவுன்சிலுக்கு எழுதிய முகப்புக் கடிதம் இருந்தது. அதில் கடைசிக்கு முந்தின பத்தியைத் தமிழில் எழுதி வைக்கிறேன், ஆங்கிலத்தில் எழுதக் கை வரவில்லை: 'பக்கவாட்டு ஜன்னல் வீட்டுக்காரியின் விருப்பப்படி ஒன்பதாம் எண் வீட்டுச் சமையலறைக்கு நேராக வைக்கப்படுகிறது. அங்கே வசிப்பவர் அவருக்கு அக்கா போன்றவர். இருவரும் தினமும் சேர்ந்து சமைக்கிறார்கள். மழையில் சுற்றிக்கொண்டு போகாமல் பாத்திரங்களைக் கை மாற்றிக்கொள்ள இது உதவும்.'

இதுதான் சர்ப்ரைஸ்.

ஜூலை 21, வெள்ளி

பொறாமைதான். வேறென்ன. வெயிலும் இல்லை, அந்தரங்கமும் இல்லை. மூன்று வருஷம் நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தெரு, அவள் வந்த ஆறாவது வாரமே கதவைத் திறந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. இத்தனைக்குப் பிறகும் அந்த நாலு ஆதரவையும் பார்த்து எரிகிறது, எனக்கென்றால் யார் எழுதியிருப்பார்கள் என்று.

ஜூலை 23, ஞாயிறு

அவர்கள் வீட்டுப் பின்கதவு வரை போனேன். உள்ளே குழந்தை பாடிக்கொண்டிருந்தது. தட்டவில்லை. திரும்பி வந்து வெங்காயம் உரித்தேன்.

ஜூலை 25, செவ்வாய்

எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்று கவுன்சிலுக்கு எழுதினேன். இரண்டே வரி. மரியாதைக்குரிய ஐயாவை விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அனுமதி கிடைத்துவிட்டது அவர்களுக்கு. முடிவுக் கடிதமும் இணையத்தில் இருக்கிறது. இப்போதெல்லாம் நானும் படிக்கிறேன்.

நான் திரும்பப் பெற்றதையும் குறித்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தரங்கம் பற்றிய விஷயத்தை அதிகாரி நேரில் வந்து பார்த்து நியாயம் என்று எடுத்துக்கொண்டாராம். அதனால் ஒரு நிபந்தனை. ஒன்பதாம் எண்ணை நோக்கிய ஜன்னலில் மங்கல் கண்ணாடிதான் போட வேண்டும். அது திறக்கக் கூடாததாக இருக்க வேண்டும். என்றைக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

கவுன்சிலுக்குப் போன் செய்து, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஜன்னல் திறக்கட்டுமே என்று கேட்டேன். ஒரு பெண் மிகவும் பணிவாகப் பேசினாள். நிபந்தனையை மாற்றச் சொல்லி அந்த வீட்டுக்காரர்தான் விண்ணப்பிக்க முடியுமாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த உரிமை இல்லை.

ஆகஸ்ட் 12, சனி

போனேன், முன்வாசலுக்கு. மணி அடித்தேன்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதில் பாதிகூட வாயில் வரவில்லை. தப்புப் பண்ணிட்டேன் கண்ணு என்றேன். புத்தி கெட்டுப்போச்சு என்றேன். ஜன்னலை மாற்றச் சொல்லி ஒரு மனு போட்டால் போதும், நானே எழுதித் தருகிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு என்றேன்.

தாரணி கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. எங்கள் ஊரில் என்றால் இதற்குள் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். தெருவே கூடியிருக்கும், நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அப்புறம் ஒரு மாசம் கழித்து ஏதாவது கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். அவள் திட்ட வேண்டும் என்று அத்தனை ஆசையோடு நின்றேன்.

அவள் சிரித்தாள். மொரீன் சிரிக்கிற மாதிரி, உதட்டோடு.

"நோ வொர்ரீஸ்" என்றாள்.

செப்டம்பர் 23, சனி

அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். கறிவேப்பிலையை ஹாலுக்கு மாற்றினோம். அவர்தான் தூக்கி வைத்தார்.

நவம்பர் 18, சனி

சுவர் எழும்பிவிட்டது. மூன்று மாதமாகத் தாரணி என்னிடம் பேசியவை: குளிர் ஆரம்பித்துவிட்டது. இலை நிறைய விழுகிறது. அடுத்த வாரம் பச்சை மூடியா, கறுப்பா. எல்லாவற்றையும் மரியாதையாக, நின்று, சிரித்துத்தான் பேசினாள். அக்கா என்பது மட்டும் வரவில்லை. வேறு எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை மொரீனின் தொட்டியை வைக்கப் போனேன். வழக்கம்போல் ஏற்கனவே வெளியே நின்றது. பக்கத்தில் என் தொட்டியும் நின்றது. அதையும் அவளே வைத்திருக்கிறாள், பிடி ரோட்டைப் பார்த்தபடி. எனக்கு வாசலிலேயே அழுகை வந்துவிட்டது. யாராவது பார்ப்பார்கள் என்று உள்ளே வந்துவிட்டேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

கண்ணாடி போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அவர் ஆபீஸ் போய்விட்டார். மாடிப்படிக்கு அடியில் இருந்து சந்தகை மிஷினை எடுத்துத் துடைத்தேன். அரிசியை அரைத்து, மாவை வேகவைத்து உருண்டை பிடித்துப் போட்டேன். ஒரு கையால் காலை அமுக்கி மறுகையால் சுற்றினால் மிஷின் மேடையைச் சுற்றி என்னோடு வருகிறது. முழங்காலை முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். பாதி பிழிந்ததோடு மாவு ஆறி இறுகிவிட்டது.

நிமிர்ந்தபோது எதிர் ஜன்னலில் விளக்கு எரிந்தது. மங்கல் கண்ணாடியில் ஆள் தெரியாது, நிறம் மட்டும் தெரியும். மஞ்சள் புடவை நிறம் ஒன்று குனிந்து நிமிர்ந்தது. பக்கத்தில் வெள்ளைத் தலை ஒன்று அசைந்தது. மொரீனாகத்தான் இருக்கும். அவர் எதையோ அமுக்கிப் பிடித்திருக்கிறார், மஞ்சள் நிறம் சுற்றுகிறது. எது என்று எனக்குத் தெரியாதா?

சத்தம் கேட்கவில்லை. இரட்டைக் கண்ணாடி, நல்ல தரம்.

அப்புறம் கீழே சின்னதாக ஒரு கை வந்து கண்ணாடியில் பதிந்தது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. ஒட்டி வைத்தால் மட்டும் தெரியும் போலிருக்கிறது. நான் கையைத் துடைத்துக்கொண்டு என் ஜன்னலைத் திறந்தேன். உடம்பைப் பாதி வெளியே நீட்டினேன். குளிர் முகத்தில் அடித்தது. வேலிக்கு மேல் கையை முழுக்க நீட்டினால் எட்டுகிற தூரம்தான். வரைபடக்காரர் சரியாகத்தான் அளந்திருக்கிறார்.

எட்டித் தொட்டேன். கண்ணாடி சில்லென்று இருந்தது. அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. மஞ்சள் நிறம் பக்கத்தில் வந்து நின்றது, குழந்தையைத் தூக்கிக்கொண்டது, விலகிப் போனது.

ஜன்னலை மூடிவிட்டு, பிழிந்த அளவுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டேன். ஒரு ஆளுக்குத் தாராளமாகப் போதும்.